கடைசி இறக்கம்

நிறுத்தமாட்டேன் சார். அந்தக் கடைதான். உங்கள் போனில் முதல் இறக்கம் என்று காட்டுகிறதே, அதே கடைதான். பச்சைப் பலகை, திருமலைச்சாமி கால்நடைத் தீவனம், வாசலில் தராசு. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹாரன் மட்டும் அடிப்பேன். அதோ, கையைக் காட்டுகிறான் பாருங்கள். சிரிக்கிறான் வேறு. அவனுடைய மூட்டைகள் என் வண்டிக்குள் கிடக்கின்றன, நான் அவன் கண் முன்னாலேயே அவன் கடையைத் தாண்டிப் போகிறேன். செவ்வாய்க்கிழமைக்குச் செவ்வாய்க்கிழமை இது நடக்கிறது. அவன் வயிறு எவ்வளவு எரியும் என்று நினைத்துப் பாருங்கள். காலையில் குடிக்கிற டீயைவிட எனக்கு இதில்தான் தெம்பு.

பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். காலடியில் வைத்தால் கியர் இடிக்கும்.

நீங்கள் கேட்கத்தான் செய்வீர்கள், ஏன் நிறுத்தவில்லை என்று. மேலாளர் நேற்றே சொல்லிவிட்டார். 'தங்கமாயா, ஆபீஸ்லருந்து ஒரு தம்பி வருவாரு, ஒரு நாள் பூரா ஒன்கூட வண்டியில வருவாரு. எந்தக் கடைக்குப் பெறகு எந்தக் கடைன்னு இனிமே அவரு போன்ல போடுறதுதான். வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு.' சும்மா இருக்கலாம் என்றுதான் ஏறினேன். ஆனால் முதல் கடையிலேயே நீங்கள் கேட்டுவிட்டீர்கள். சரி, சொல்கிறேன். சாயங்காலம்வரை நேரம் இருக்கிறது.

நீங்கள் போட்டிருப்பது சரியான வரிசைதான் சார். திண்டுக்கல்லில் டிப்போவை விட்டால் முதலில் வருவது இவன் ஊர். இங்கே இறக்கிவிட்டு ஒட்டன்சத்திரம், அப்புறம் கள்ளிமந்தையம், அப்புறம் சில்லறை ஊர்கள், காலி வண்டியாக நேராக வீடு. டீசல் மிச்சம், நேரம் மிச்சம். முன்னாலெல்லாம் நானும் அப்படித்தான் ஓட்டினேன். போன வைகாசி வரைக்கும்.

தீவன லாரியில் கடைசியாக இறங்கவேண்டிய மூட்டை முதலில் ஏறும். கேபினுக்குப் பின்னால், அடியில். முதலில் இறங்கவேண்டியது கதவோரம் வரும். ஏற்றி முடித்துத் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டால் அப்புறம் யார் நினைத்தாலும் மாற்ற முடியாது. திருமலைச்சாமி டிப்போவுக்குப் போன் போட்டுக் கத்தினாலும் 'மூட்ட உள்ளுக்குள்ள கெடக்கு மொதலாளி' என்றுதான் பதில் வரும். ஏற்றுகிறவர்களுக்கு உத்தரவு நான்தான். 'திருமலைச்சாமி மூட்டைய மொதல்ல போடு, அடியில போடு, மேல நாலு பேரு மூட்டைய அடுக்கு.' மேலாளர் கேட்டதற்கு, காலையில் அவன் கடைச் சந்தில் பள்ளிக்கூட வேன் நிற்கிறது, வண்டி திருப்ப முடியவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். அங்கே பள்ளிக்கூடமும் இல்லை, வேனும் இல்லை. நீங்கள் போய்ச் சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஒட்டன்சத்திரம் வந்துவிட்டது. இருங்கள், இங்கே இறக்கிவிட்டு வருகிறேன். இந்த முதலாளி ஒரு மூட்டை ஓரம் கிழிந்திருந்தாலும் ஊரைக் கூட்டுவார்.

*

கூட்டினாரா இல்லையா? காதால் கேட்டீர்கள் அல்லவா. 'ஏன்யா, எலி வளக்குறியா வண்டியில?' என்கிறார். நானும் விடவில்லை. 'ஆமா மொதலாளி, ஒங்க கடைக்கு வந்துட்டுப் போனதுலருந்து.' இது எல்லாம் வாய்ச்சண்டை சார். இன்றைக்குச் சண்டை, அடுத்த வாரம் டீ. இதற்கெல்லாம் யாரும் பழி வைத்துக்கொள்ள மாட்டார்கள். திருமலைச்சாமி விஷயம் வேறு.

வைகாசியில் அவன் மகளுக்குக் கல்யாணம். ஒரே மகள், அபிராமி. கல்யாணம் மாப்பிள்ளை ஊரில் நடந்தது, தாராபுரம் பக்கம். பெரிய இடம், நூல் மில்லில் பங்கு என்றார்கள். கல்யாணத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. மறுவீட்டு விருந்தை மட்டும் இவன் வீட்டில் வைத்தார்கள். கடைக்குப் பக்கத்திலேயே ஒரு சந்து போகிறது, சந்துக்கடைசியில் வீடு. சந்து முழுக்கப் பந்தல். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நான் லோடு கொண்டுபோனேன். கடை வாசல் முழுக்க வாடகைப் பாத்திரம் இறக்கிவைத்திருந்தார்கள், அதனால் வண்டியைச் சந்து வாயில் நிறுத்தி இறக்கினோம். இறக்கி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறப்போனேன். அவன்தான் ஓடிவந்து கையைப் பிடித்தான். இதைக் கவனியுங்கள். நானாகப் போகவில்லை. 'மாயண்ணே, சாப்புடாமப் போனா மனசு ஆகாது, ஒரு வாய் சாப்ட்டுப் போங்க' என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பந்தியில் உட்காரவைத்தான்.

நல்ல பந்தி. இலை போட்டார்கள். உப்பு, ஊறுகாய், பொரியல், அப்பளம், வடை, எல்லாம் வந்தது. சோறு வந்தது, சாம்பார் வந்தது. பிசைந்து நாலு வாய் வைத்திருப்பேன். சந்துக்கு வெளியே ஹாரன் சத்தம். விடாமல் அடிக்கிறான். வெள்ளைக் கார். சம்பந்திவீட்டார் வந்த கார். என் லாரி நிற்பதால் உள்ளே வரமுடியவில்லை. இவன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான். என்ன சொன்னான் தெரியுமா? பந்தியில் எனக்கு இந்தப் பக்கம் எட்டுப்பேர், அந்தப் பக்கம் எட்டுப்பேர் இருக்கும், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, 'எந்திரிங்க எந்திரிங்க, வண்டிய எடுங்க, சம்பந்தி காரு நிக்கிது.'

சாப்பிட்டுக்கொண்டிருப்பவனை சார். கையில் சோறு. எங்கள் பக்கம் எதிரியாக இருந்தாலும் இலையில் உட்கார்ந்துவிட்டால் கை கழுவுகிறவரைக்கும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

எழுந்தேன். அதுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது. அவன் சொன்னது பாதி, நான் எழுந்தது பாதி. எச்சில் கையோடு போய், இடது கையால் கதவைத் திறந்து, வண்டியை எடுத்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். கை காய்ந்துபோய்விட்டது. ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே போய்விடலாம் என்றுதான் வந்தேன், சத்தியமாக. வந்து பார்த்தால் என் இலை இல்லை. எடுத்துப்போட்டுவிட்டார்கள். என் இடத்தில் புது இலை, புது ஆள். யார் தெரியுமா? அந்த வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டுவந்த டிரைவர். அவனும் டிரைவர், நானும் டிரைவர். கார் ஓட்டுகிறவன் உட்காரலாம், லாரி ஓட்டுகிறவன் எழுந்திருக்க வேண்டும். திருமலைச்சாமி குனிந்து அவனுக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தான், தன் கையால். என்னைப் பார்த்துவிட்டு, 'அடுத்த பந்தியில ஒக்காருங்கண்ணே, இந்தா முடிஞ்சிரும்' என்றான்.

குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த செவ்வாய் டிப்போவில் லோடு ஏற்றும்போது சொன்னேன், 'திருமலைச்சாமி மூட்டைய மொதல்ல போடு.'

*

கள்ளிமந்தையம். நீங்கள் இந்த ஓட்டலில் சாப்பிடுங்கள், மட்டன் குழம்பு நன்றாக இருக்கும். நான் ஒரு டீயும் ஒரு வடையும்தான். செவ்வாய்க்கிழமை மதியம் நான் சாப்பிடுவதில்லை. விரதமெல்லாம் இல்லை சார். சாயங்காலம் பசி வேண்டும். பசியில்லாமல் போனால் பழி வாங்க முடியாது.

புரியவில்லையா? சாப்பிட்டு வாருங்கள், சொல்கிறேன்.

*

இந்தத் தீவன லைனில் ஒரு வழக்கம் உண்டு. கடைசியாக எந்தக் கடையில் இறக்குகிறோமோ அந்தக் கடைக்காரர் டிரைவருக்குச் சோறு போடவேண்டும். எவன் ஆரம்பித்தானோ தெரியாது. வண்டி காலியாகிற இடத்தில் ஓட்டிவந்தவன் வயிறும் காலியாகப் போனால் அடுத்த லோடு வரைக்கும் வியாபாரம் படுத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. எல்லா முதலாளிகளும் பக்கத்து ஓட்டலில் ஒரு பொட்டலம் வாங்கிக் கையில் கொடுத்து முடித்துக்கொள்வார்கள். இவனும் முதல் வாரம் பொட்டலத்தோடுதான் வந்தான். நான் வாங்கவில்லை. 'எனக்கு வயித்துக்கு ஆகல, ஓட்டல் சோறு சேராது' என்றேன். 'அதுக்கென்னண்ணே, வீட்லயே சாப்புடுங்க' என்றான். சிக்கினான்.

அன்றைக்குப் பிடித்தது. வாரா வாரம் அவன் வீட்டில்தான் எனக்குச் சோறு. தட்டில் வேண்டாம், இலையில் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். எந்த இலையிலிருந்து எழுப்பினானோ அந்த இலையில். அன்றைக்குப் பந்தியில் நான் உட்கார்ந்திருந்தது வேப்பமரத்துக்கு எதிரே, சுவரோரம். அதே இடத்தில் பாயை விரித்து உட்கார்ந்துகொள்வேன். மூன்று தடவை சோறு வாங்குவேன். குழம்பில் உப்பு குறைந்தால் சொல்வேன். போன மாதம் ஒருநாள் கத்தரிக்காய் போட்டார்கள், 'கத்தரிக்கா எனக்குச் சேராது' என்றேன். அந்த அம்மா, நாகரத்தினம், அவன் சம்சாரம், உடனே உள்ளே போய் முட்டை பொரித்துக்கொண்டுவந்தது. அதிலிருந்து செவ்வாய்க்கிழமை அந்த வீட்டில் கத்தரிக்காயே வாங்குவதில்லை. குடும்பத்தையே ஆட்டிவைத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கெட்டிக்காரப் பொம்பளை. 'அண்ணே, இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கங்கண்ணே, வீட்டுல யாரு இருக்கா ஒங்களுக்கு ஆக்கிப்போட' என்று பேச்சுக் கொடுக்கும். அண்ணே அண்ணே என்று கூப்பிட்டுவைத்தால் நாளைக்கு அண்ணன் சீர் செய்யவேண்டியிருக்கும் அல்லவா, அந்தக் கணக்கு. நான் அசையமாட்டேன். மூன்றாவது தடவை சோறு கேட்பேன், அவ்வளவுதான். என் வீட்டில் ஆக்கிப்போட ஆள் இருக்கிறதா இல்லையா என்பது வேறு கதை. அது இந்தக் கதையில் வராது.

வியாபாரத்திலும் அடிதான் அவனுக்கு. தீவனம் வாங்குகிறவன் காலையில் பால் ஊற்றிவிட்டு வரும்போதுதான் வாங்குவான். இவன் சரக்கு இருட்டுகிற நேரத்தில் வருகிறது. ஒரு நாள் வியாபாரம் போச்சு. அந்த நேரத்தில் மூட்டை தூக்க ஆளும் கிடைக்காது, அவனே முதுகில் தூக்குகிறான். இந்த வயதில். நான் கேபினில் காலை நீட்டி உட்கார்ந்து பார்ப்பேன். என்ன ஒரு காட்சி! ஆனால் முழுக்கப் பார்க்க முடியாது. அவன் முதுகு பிடித்துப் படுத்துவிட்டால் எனக்கு யார் சோறு போடுவது? அதனால் பாதி மூட்டையை நான் இறக்கிவைத்துவிடுவேன். கனமான பாதியை. அதுவும் திட்டம்தான்.

ஆனால் பாருங்கள், ஒரு வார்த்தை அவன் கேட்டதில்லை. ஏன் இப்போதெல்லாம் கடைசியில் வருகிறாய் என்று ஒரு வார்த்தை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனியில் வைத்திருக்கிறேன். கேட்கமாட்டான். ஊரில் என்ன சொல்கிறான் தெரியுமா? 'நம்ம வீட்டுச் சோத்துக்காகவே மாயண்ணன் நம்ம கடையக் கடேசியா வச்சுக்கிட்டாரு' என்று டீக்கடையில் பெருமை பேசுகிறான். கேட்டவுடன் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தன்னைப் பழி வாங்குவதுகூடத் தெரியாத ஒரு மனுசனிடம் எப்படிப் பழி வாங்குவது? சொல்லுங்கள். அதற்கும் ஒரு வழி யோசித்தேன்.

யோசித்து வண்டியைச் சந்து வாயில் நிறுத்த ஆரம்பித்தேன்.

கடை வாசலில் தாராளமாக இடம் இருக்கிறது. நீங்களே காலையில் பார்த்தீர்கள். ஆனால் இறக்கி முடித்ததும் வண்டியை எடுத்துக்கொண்டுபோய்ச் சந்து வாயில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில், அடைத்து நிறுத்திவிடுவேன். சைக்கிள் போகும். மாடு போகும். கார் போகாது. நிறுத்திவிட்டு உள்ளே போய் இலையில் உட்காருவேன். என்றைக்காவது ஒருநாள் அந்த வெள்ளைக் கார் வரும் அல்லவா? மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு வராமலா இருப்பான்? வருவான். வந்து ஹாரன் அடிப்பான். இவன் என்னிடம் வந்து எழுந்திரு என்று சொல்வான். அப்போது நான் எழுந்திருக்கமாட்டேன். சோற்றில் கையை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொல்வேன்: 'கை காயல. சாப்ட்டு முடிச்சுட்டு எடுக்குறேன். ஒங்க சம்பந்திய நிக்கச் சொல்லுங்க.' இது மட்டும்தான். இந்த ஒரு வாசகத்துக்காகத்தான் இத்தனையும். குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பேன், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பேன். இப்போது உங்களிடம் சொன்னேனே, நன்றாக வந்ததா?

நீங்கள் இந்தக் கடையை மறுபடி முதலில் போட்டுவிட்டால் என் கதி என்ன என்று நினைத்துப் பாருங்கள். காலையில் எந்த மாப்பிள்ளை வருவான்? காலையில் யார் எனக்கு இலை போடுவார்கள்?

*

அந்தக் கார் இதுவரை வரவில்லை. அதுதான் சார் கொடுமை. பெண் மட்டும் இருக்கிறது. அபிராமி. ஆடி மாதம் அழைத்துவந்தார்கள், புதுப்பெண்ணை ஆடிக்கு அழைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே. அதற்குப்பிறகு நான் போகிறபோதெல்லாம் அது அங்கேதான் இருக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாய்வீட்டை விட்டு நகரவே மனம் வருவதில்லை. நல்ல பிள்ளை, அதை நான் குறை சொல்லமாட்டேன். அதுதான் எனக்குப் பரிமாறும். 'மாமா, ரசம் ஊத்தவா' என்று கேட்கும். அன்றைக்கு வராத ரசம் அல்லவா, நான் முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்வேன். விருந்தன்று பார்த்ததற்கு இப்போது பாதி உடம்பாகிவிட்டது. 'நல்லாச் சாப்புடு பாப்பா, மாமனார் வீட்ல எங்களத்தான் கொற சொல்லுவாக' என்று ஒருநாள் சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டது. நாணம்.

தீபாவளிக்கு நிச்சயம் வருவான் என்று கணக்குப் போட்டேன். தலைத்தீபாவளி. எந்த மாப்பிள்ளையும் அதை விடமாட்டான். முந்தின நாள் சாயங்காலம் லோடோடு போனேன். வீடெல்லாம் வெள்ளையடித்திருந்தது. மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுத்து, மோதிரம் வாங்கி, ஒரு தாம்பாளத்தில் வைத்திருந்தார்கள். நான் சாப்பிட்ட மாதிரி அன்றைக்கு உலகத்தில் யாரும் மெதுவாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு பருக்கையாக எடுத்து வைத்தேன். ரோட்டில் ஹாரன் கேட்கும்போதெல்லாம் நான் நிமிர்ந்து பார்ப்பேன், திருமலைச்சாமியும் நிமிர்ந்து பார்ப்பான். ஒரே நேரத்தில் பார்ப்போம். பயம் சார். நான் எதற்குக் காத்திருக்கிறேன் என்று அவனுக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கடைசியில் வரவே இல்லை. இவன்தான் போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லியிருப்பான். என் பேச்சுக்குப் பயந்து தலைத்தீபாவளியையே நிறுத்திவிட்டான். நான் இலையை மடக்கியபோது அந்தத் தாம்பாளத்தைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

போன வாரம் கேளுங்கள். போன வாரம் நிஜமாகவே ஹாரன் அடித்தது. சந்து வாயிலேயே, என் வண்டிக்குப் பின்னாலேயே. சோற்றில் கையை நன்றாக ஊன்றிக்கொண்டேன். அபிராமி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அந்த அம்மா அடுப்படி வாசலில் அப்படியே நின்றது. திருமலைச்சாமி எழுந்து வெறுங்காலோடு ஓடினார். என்னிடம் எழுந்திரு என்று சொல்லக்கூட இல்லை. என்னைத் தாண்டி ஓடினார். நான் வாசகத்தை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

திரும்பி வந்தார். யாரோ பழனிக்குப் போகிறவர்களாம், வழி கேட்டார்களாம். 'வேற காரு' என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கு எவ்வளவு ஏமாற்றம் தெரியுமா? அவருக்கு நிம்மதி. நிம்மதியில் கண்ணே கலங்கிவிட்டது அந்த மனுசனுக்கு, துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார். தப்பித்தோமடா சாமி என்று. அபிராமி கரண்டியை எடுத்துக் கழுவிக்கொண்டுவந்து, 'மாமா, ரசம்' என்றது. ஊற்றியது இலையைவிட்டு வெளியே போயிற்று.

அன்றைக்கு இரண்டாவது தடவை சோறு வாங்கவில்லை. ஏனோ இறங்கவில்லை.

*

இந்த ஊர்தான் கடைசிக்கு முந்தினது. இனி வண்டியில் திருமலைச்சாமி மூட்டை மட்டும்தான். பாரம் குறைந்த வண்டி ஆடுகிறது பாருங்கள், பிடித்துக்கொள்ளுங்கள்.

என்ன கேட்டீர்கள்?

இல்லை, கேளுங்கள், பரவாயில்லை. சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

... மாப்பிள்ளை வந்திருந்தால் ஹாரன் அடித்திருப்பானே சார். அன்றைக்கு அடிக்கவில்லையா, ஊரே அலறுகிற மாதிரி? அவன் ஏன் அடிக்காமல் போகிறான்?

அன்றைக்கு அடித்தது அவர்கள் டிரைவர். சரிதான். மாப்பிள்ளை தானே ஓட்டிக்கொண்டு, தனியாக வந்தால்... தெரியாது. நான் அவனோடு பேசியதே இல்லை.

வந்து, சந்தில் லாரி நிற்பதைப் பார்த்து, அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, அப்படியே திரும்பிப் போயிருந்தால் என்கிறீர்கள்.

கொஞ்சம் அந்தக் கண்ணாடியை ஏற்றுங்கள். தூசி வருகிறது.

சந்துக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது சார். சீனிராசு என்று ஒருவன் நடத்துகிறான். வாயாடி. அவன் பேசுவதில் பாதி பொய். பொங்கலுக்கு முந்தின வாரம் என்னிடம் கேட்டான், 'ஏண்ணே, நீங்க உள்ள விருந்து திங்கிற நேரம் வெள்ளக் காரு ஒண்ணு வந்துச்சு. இந்தா இந்தப் புளியமரத்தடியில ரொம்ப நேரம் லைட்டப் போட்டுக்கிட்டு நின்னுச்சு. பெறகு திருப்பிக்கிட்டுப் போயிருச்சு. வழியில நீங்கதான் மல மாதிரி நிப்பாட்டிட்டீகளே' என்றான். நான் காதில் வாங்கவில்லை. வெள்ளைக் கார் ஊரில் ஆயிரம் இருக்கிறது. 'ஒன் டீயக் குடிக்க வந்திருப்பான், வாசம் புடிச்சுட்டு ஓடிருப்பான்' என்றேன். சிரித்தோம்.

திருமலைச்சாமியிடம் சொல்லவில்லை. இதையெல்லாம் போய் எதற்குச் சொல்வது?

ஆயிரம் கார் இருக்கிறது சார்.

*

விளக்குப் போட்டுவிட்டார் பாருங்கள் கடையில். வாசலிலேயே நிற்கிறார். எப்போதும் இப்படித்தான், என் ஹாரனுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும் அவருக்கு. நீங்கள் வருவதையும் போனில் சொல்லிவிட்டேன். 'ஆபீஸ்காரத் தம்பிக்குக் கத்தரிக்கா ஆகும்ல?' என்று கேட்டார்.

மூட்டை இறக்குகிறவரைக்கும் நீங்கள் தராசுப் பக்கம் உட்காருங்கள்.

*

முடிந்தது. வாருங்கள், ஏறவேண்டாம், கீழேயே நில்லுங்கள். வண்டியைச் சந்துக்குக் கொண்டுபோகிறேன். இல்லை, கடை வாசலில் நிறுத்தமாட்டேன். அப்படி நிறுத்தினால் இத்தனை மாதம் நான் செய்ததற்கு என்ன அர்த்தம்? சந்தில்தான் நிறுத்துவேன். பழி பழிதான். ஆனால் கொஞ்சம் ஓரம் கட்டலாம் என்று பார்க்கிறேன். அந்தப் பக்கச் சுவரோடு ஒட்டினாற்போல.

எதற்கு என்றால், யோசித்துப் பாருங்கள். மாப்பிள்ளை உள்ளே வந்தால்தானே எனக்குக் காரியம் நடக்கும்? தூரத்திலேயே வண்டியைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டால் நான் அந்த வாசகத்தை யாரிடம் சொல்வது? முதலில் வரட்டும். உள்ளே வந்து, வீட்டு வாசலில் காரை நிறுத்தி, இறங்கி வரட்டும். நான் இலையில் உட்கார்ந்திருப்பேன். அப்போது பேசிக்கொள்கிறேன். பேசாமல் எங்கே போகப்போகிறேன்?

உங்கள் போனில் இந்தக் கடையைக் கடைசியிலேயே விட்டுவிடுங்கள் சார். எனக்காக வேண்டாம். அந்தப் பள்ளிக்கூட வேனை ஒரு காரணமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

பின்னால் போய் நின்று பாருங்கள். சாக்கடை மூடி ஒன்று உடைந்திருக்கும், சக்கரம் அதில் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையை நன்றாகத் தூக்கிக் காட்டுங்கள், கண்ணாடியில் தெரியவேண்டும். வரலாமா? வரட்டுமா? ஒரு கார் போகுமா இப்போது? சின்னக் கார் இல்லை, பெரிய கார். கதவு திறக்கவும் இடம் வேண்டும். உரசுமா? சரி, ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் ஒடிக்கிறேன். சுவரில் என் வண்டி உரசினால் உரசட்டும், அதை விடுங்கள். நீங்கள் அந்தப் பக்கத்தை மட்டும் பாருங்கள். போதும் என்று நீங்கள் சொல்கிறவரைக்கும் நகர்த்திக்கொண்டே இருக்கிறேன்.